மூன்று வருஷம் பொறுக்கிய சிப்பியில் வெள்ளைப் பொடி: வீட்டில் கடற்கரைப் பொருள் வைத்திருப்பவர்கள் உதவுங்களேன்

#1 பாயான்பாரு அம்மா

வணக்கம். புதுப் பிளாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே, மூன்று வருஷமாக, மகளும் நானும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி கடற்கரைகளில் நடப்போம். அவள் குனிந்து எடுப்பாள், நான் பையைப் பிடித்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்த சிப்பி, கிளிஞ்சல், சிறு சங்கு எல்லாவற்றையும் வைக்கத்தான் ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி செய்யச் சொன்னோம். பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள்.

போன வாரம் தூசி தட்டத் திறந்தால், பாதிச் சிப்பிகளின் மேல் மாவு பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. லேசான காடி வாடை வேறு. பூஞ்சை என்று நினைத்து, ஒரு வீடியோவில் பார்த்தபடி வினிகரில் ஊறவைத்தேன். நுரை நுரையாகப் பொங்கியது. எடுத்துப் பார்த்தால் கோடு, புள்ளி எல்லாம் மங்கி, விளிம்பு தேய்ந்துவிட்டது. மகள் முதன்முதலில் எடுத்த சிப்பியும் அதில் இருந்தது. ரொம்ப நேரம் அழுதாள்.

மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். தெலுக் பஹாங் பக்கம் கரை ஒதுங்கிக் கிடந்து எடுத்த ஒரு மரக்கட்டையும் இருக்கிறது, கை நீளம். அதைச் சுவரில் மாட்ட ஆசை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓடு சேகரிப்பவர்

தங்கச்சி, முதலில் அந்த வினிகரை எடுத்து அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள். சிப்பி, சங்கு எல்லாம் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். நீங்கள் பார்த்த நுரை அழுக்கு போகிற நுரை இல்லை, ஓடே கரைகிற நுரை.

ஒரு கேள்வி. அலமாரி எதில் செய்தது? அழுத்திய மரத்தூள் பலகையா?

#3 பாயான்பாரு அம்மா

ஆமாம் அண்ணே, எம்.டி.எஃப். பலகைதான். உள்ளே அட்டைப் பெட்டிகளிலும் கொஞ்சம் வைத்திருந்தேன்.

#4 ஓடு சேகரிப்பவர்

அப்படியென்றால் இது பூஞ்சை இல்லை. சங்கு சேகரிப்பவர்கள் இதை 'பைன் நோய்' என்பார்கள். 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். பெயரில்தான் நோய், கிருமி எதுவும் கிடையாது. மரப்பலகை, ஒட்டுப்பலகை, அட்டை, இவற்றிலிருந்து அமில ஆவி மெல்ல மெல்ல வெளியேறும். கதவு மூடிய அலமாரிக்குள் அது போக வழியில்லாமல் தேங்கும். நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் ஓட்டின் மேல்பரப்பு அந்த அமிலத்தோடு கலந்து உப்பாக மாறும். அதுதான் உங்கள் வெள்ளைப் பொடி. காடி வாடை வந்ததும் அதனால்தான். வினிகரின் அமிலமும் அந்த ஆவியில் இருக்கிற அமிலமும் ஒரே வகை. ஏற்கெனவே அமிலம் அரித்ததை மறுபடியும் அமிலத்தில் போட்டிருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், அந்த வீடியோக்களைப் பார்த்து நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, நான்கைந்து நாள் விடுங்கள். மென்மையான பல்துலக்கும் பிரஷ் கொண்டு பொடியைத் தேய்த்து எடுங்கள். நிழலில், விசிறிக் காற்றில், நன்றாகக் காயவேண்டும். சுருளுக்குள் ஈரம் நின்றால் திரும்ப ஆரம்பிக்கும். காய்ந்தபின் பேபி ஆயில் ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தடவுங்கள், நிறம் கொஞ்சம் எழும்பும். அரிக்கப்பட்ட இடம் திரும்ப வராது, ஆனால் மேற்கொண்டு போகாது.

அப்புறம், அந்த அலமாரியில் தட்டுகளோ புத்தகமோ வையுங்கள். சிப்பிக்குக் கண்ணாடி ஜாடிதான் நல்லது. பிஸ்கட் வருகிற பெரிய ஜாடி போதும். அடியில் ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பொட்டலம் நாலு போட்டு மூடிவிடுங்கள். என் வீட்டில் பதினேழு வருஷமாக ஜாடியில் இருக்கிற சங்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

#5 கூலிம் தம்பி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முகம் பார்க்கிற கண்ணாடியின் சட்டத்தில் சிப்பி ஒட்டுகிறவர்கள் சூட்டுப் பசைத் துப்பாக்கியை நம்பாதீர்கள். பிற்பகல் வெயில் படுகிற சுவரில் அது இளகிவிடும். ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்தது எனக்கு. இரண்டு டியூப் கலந்து போடுகிற எபாக்சிதான் நிற்கிறது. ஓட்டின் அடிப்பக்கத்தை மணல்தாளால் கொஞ்சம் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டவேண்டும். குளியலறைக் கண்ணாடியாக இருந்தால் சிலிகான்.

#6 உமாங் தோழி

இழையைப் படித்ததிலிருந்து மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருஷம், வாரா வாரம், ஒரு பை. இதில் எத்தனை முழுச் சங்கு இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா?

உமாங்-உமாங் பார்த்திருப்பீர்கள், துறவி நண்டு. அதன் வயிற்றுப் பகுதிக்கு ஓடு கிடையாது, வெறும் சதை. நத்தையோ சங்கோ விட்டுப்போன ஓட்டுக்குள் புகுந்துதான் உயிர் பிழைக்கிறது. வளர வளரப் பெரிய ஓடு தேடியாகவேண்டும். நல்ல ஓடு ஒன்று கரை ஒதுங்கினால் சுற்றுவட்டார நண்டுகள் அளவு வாரியாக வரிசையில் நின்று, பெரியது புது ஓட்டுக்குப் போக, அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது போக, கடைசிக் குட்டி வரைக்கும் வீடு மாறும். ஒரே ஒரு காலி ஓட்டால் அத்தனை பேருக்கும் வீடு கிடைக்கிறது. ஓடு கிடைக்காத கடற்கரைகளில் பாட்டில் மூடிக்குள்ளும் பிளாஸ்டிக் துண்டுக்குள்ளும் புகுந்த நண்டுகளின் படங்கள் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பார்த்ததிலிருந்து முழுச் சங்கைக் கையால் எடுக்க மனம் வருவதில்லை.

நமக்கு அது அலங்காரம். அதற்கு அதுதான் கூரை.

#7 பாயான்பாரு அம்மா

கோபமெல்லாம் இல்லைம்மா. எனக்கு இது தெரியாது. காலியாகக் கிடப்பது யாருக்கும் வேண்டாதது என்றுதான் நினைத்திருந்தேன்.

#8 ஓடு சேகரிப்பவர்

உமாங் தோழி சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம் என்பேன். நண்டுக்கு வேண்டியது சுருள் ஓடு, அதாவது சங்கு, நத்தை வகை. மட்டி, கிளிஞ்சல் மாதிரி இரண்டு மூடியாகத் திறக்கிற ஓடு பிரிந்து ஒற்றையாகக் கிடந்தால் அதற்குள் நண்டு குடியேறாது. உடைந்த துண்டும் அப்படித்தான். நான் பத்து வருஷமாகச் சுருள் ஓடு எடுப்பதில்லை. ஒற்றை மூடியும் உடைந்த துண்டும் கைப்பிடி அளவுக்கு எடுப்பேன்.

கரையில் பொறுக்குவதைவிட எனக்கு உறுத்துவது கடையில் வாங்குவது. பளபளவென்று மின்னுகிற சோழி, மாலை கட்டி விற்கிறார்களே, அதைப் பாருங்கள். உயிரோடு இருக்கிறபோது அந்தப் பிராணி தன் சதைப் போர்வையை ஓட்டின் மேல் விரித்து மூடிக்கொள்ளும். அந்தப் பளபளப்பு அதனால் வருவது. அலையில் உருண்டு கரை ஒதுங்கிய சோழி மங்கித்தான் இருக்கும். ஆகவே கண்ணாடி மாதிரி மின்னுகிற சோழி என்றால், அநேகமாக உயிரோடு பிடித்துக் கொன்றது. வாலிப வயதில் நானே கூடை கூடையாக வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு அவற்றைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பாட்டி வீட்டுப் பல்லாங்குழிச் சோழி வேறு. இருக்கிறதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சோழியைக் கொதிக்க வைக்கவோ குளோரோக்ஸ் வெளுப்பானில் போடவோ கூடாது, பளபளப்பு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

#9 உமாங் தோழி

அண்ணே, ஒற்றை மூடி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இடமும் முக்கியம். தெலுக் பஹாங்குக்கு அப்பால் இருக்கிற பினாங்குத் தேசியப் பூங்காவுக்குள், பந்தாய் கெராச்சுட் கடற்கரை உட்பட, எதையும் எடுக்கக்கூடாது. அங்கே ஆமை முட்டையிட வருகிறது. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. பூலாவ் பாயார் மாதிரிக் கடல் பூங்காக்களிலும் பவளமோ ஓடோ எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். ராட்சத மட்டியை நம் நாட்டில் எங்கேயும் தொடக்கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இனம். வெளிநாட்டுச் சுற்றுலாவில் நாட்டிலஸ் ஓடோ பவளமோ வாங்கி வருகிறவர்களும் கவனம், அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாத பொருள்கள் அவை.

இன்னொன்று, பிள்ளைகளோடு தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு. ஐஸ்கிரீம் கூம்பு மாதிரி, வலைப்பின்னல் கோலம் போட்ட சங்கு அழகாக இருக்கும். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசி பாய்ச்சும். கூம்புச் சங்கு குத்தி மனிதர் இறந்திருக்கிறார்கள். கையால் எடுக்கவே வேண்டாம்.

#10 ஜூரு கடைக்காரர்

ஓடு வேண்டுமென்றால் ஏன் கடற்கரைக்குப் போகிறீர்கள்? ஜூருவில் நான் வேலை செய்கிற கடலுணவுக் கடையில் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து பாருங்கள். கெராங், லாலா என்கிற மட்டி வகைகளின் வேகவைத்த ஓடு மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது. சனிக்கிழமை என்றால் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

என் மனைவி அதில்தான் வேலை செய்வாள். கெராங் ஓடு பழுப்பாக, மண் ஒட்டி, பார்க்கச் சுமாராக இருக்கும். இன்னொரு முறை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒட்டியிருக்கிற சதையைச் சுரண்டி, பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு ராத்திரி ஊறவைப்பாள். மறுநாள் ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஒரு மணி நேரம். அந்தப் பழுப்புத் தோல் உரிந்து, உள்ளேயிருந்து பால் மாதிரி வெள்ளை ஓடு வரும். வரிவரியாக முகடு, விசிறி மாதிரி. பிறகு நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை அலசி இரண்டு நாள் வெயில். வாடை துளியும் இருக்காது. குளோரோக்ஸ் இருக்கிற பக்கெட்டில் வினிகரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

தீபாவளிக்கு அந்த ஓட்டில் திரி வைத்து மெழுகு ஊற்றி, வாசல் படியில் இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தாள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி எங்கே வாங்கினாய் என்று கேட்டு, இப்போது அவர்கள் வீட்டிலும் அதுதான். நாம் சாப்பிட்ட பிறகு குப்பைக்குப் போகிற பொருள், எந்த நண்டும் அதைத் தேடப்போவதில்லை.

#11 உமாங் தோழி

அண்ணே, இதைத்தான் சொல்ல ஆசைப்பட்டேன், உங்களை மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

#12 பட்டர்வொர்த் வாசகி

ஒரு துணைக் கேள்வி. மாமியார் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வலம்புரிச் சங்கு என்று பெரிய விலை கொடுத்து வாங்கி வந்தார். ஷோகேஸில் மற்ற ஓடுகளோடு வைக்கலாமா, பூஜை அறையில்தான் வைக்க வேண்டுமா? அது உண்மையா என்றும் எனக்குச் சந்தேகம்.

#13 ஓடு சேகரிப்பவர்

எங்கே வைப்பது என்பது உங்கள் மாமியாரின் மனம் சார்ந்தது, அவரிடமே விட்டுவிடுங்கள். உண்மையா என்பதைச் சோதிக்கலாம்.

சங்கின் நீண்ட வால் பக்கம் மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் இடம்புரி. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கம் எடுக்கிற பூஜைச் சங்கு எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான். வலப்பக்கம் இருந்தால் வலம்புரி, மிக மிக அபூர்வம். ஆனால் இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. அமெரிக்கக் கரையில் கிடைக்கிற வேறொரு சங்கு இனம் இருக்கிறது, அதில் பிறக்கிறவை கிட்டத்தட்ட எல்லாமே வலம்புரியாகத்தான் சுற்றும். அதில் அபூர்வம் எதுவும் கிடையாது. அதை வலம்புரி என்று விற்கிறார்கள்.

வாய்க்குள் டார்ச் அடித்து நடுத்தண்டைப் பாருங்கள். நம் பூஜைச் சங்கானால் தண்டில் மூன்று நான்கு மடிப்பு, வரப்பு மாதிரி தெரியும். தண்டு வழவழப்பாக இருந்தால் அது அமெரிக்கச் சங்கு.

#14 பட்டர்வொர்த் வாசகி

பார்த்தேன். வழவழப்பு. மாமியாரிடம் சொல்லவில்லை. அவர் தினமும் அதில் தீர்த்தம் வைத்துக் கும்பிடுகிறார், அந்த நம்பிக்கை அவருக்குப் பலம் தருகிறது. இரண்டாவது ஒன்று வாங்குவதற்கு முன் மட்டும் தடுத்துவிடுகிறேன். நன்றி அண்ணே.

#15 தெலுக்பஹாங் பிள்ளை

எங்கள் வீட்டில் கடற்கரையிலிருந்து ஒரு கூழாங்கல் கூட உள்ளே வராது. அம்மா விடமாட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று அவர் கரைக்குப் பக்கத்தில் இருந்தார். தண்ணீர் உள்வாங்கியபோது மணலில் மீனும் சிப்பியும் துள்ளிக்கொண்டு கிடந்ததாம், அதைப் பொறுக்க ஓடிய பிள்ளைகளை அவர் பார்த்தார். அதற்குமேல் சொல்லமாட்டார். மாசி மகத்துக்குச் சிங்கமுக காளியம்மன் தெப்பம் கடலில் இறங்கும்போது மட்டும் வருவார், தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

யாரையும் வைக்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வருகிற பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள். இந்தத் தீவில் அந்த நாளை மறக்காதவர்கள் நிறையப் பேர்.

#16 பாயான்பாரு அம்மா

படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் தம்பி. அம்மாவுக்கு என் வணக்கம். என் மாமனாரும் அந்தப் பக்கத்துக்காரர்தான், நான் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்கிறேன்.

#17 கூலிம் தம்பி

அக்காவின் கட்டைக்கு யாரும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் மூன்று கட்டை மாட்டியிருக்கிறேன், சொல்கிறேன்.

கடலில் மிதந்த கட்டை நெடுக உப்பு ஏறியிருக்கும். அப்படியே மாட்டினால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துச் சுவரில் கறை விழும், ஆணியும் துருப்பிடிக்கும். பெரிய தொட்டியில் நல்ல தண்ணீரில் இரண்டு வாரம், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். மிதந்தால் மேலே கல் வையுங்கள். பிறகு கொதிக்கிற தண்ணீரை எல்லாப் பக்கமும் நிதானமாக ஊற்றுங்கள், உள்ளே பூச்சி இருந்தால் சாகும். நம் ஊரில் கரையானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெயிலில் காயவைத்து, தட்டினால் 'டங்' என்று சத்தம் வரும்வரைக்கும் பொறுமை.

விரல் நுழைகிற மாதிரி வட்ட வட்டமாகத் துளை இருந்தால் பயப்படாதீர்கள். கப்பல் புழு என்பார்கள், உண்மையில் அதுவும் ஒரு மட்டி வகைதான், கடல் நீரில் இருக்கிற மரத்தைத் துளைத்து வாழும். கரைக்கு வந்தபின் உயிரோடு இருக்காது. அந்தத் துளைகள்தான் கட்டைக்கு அழகு. நான் ஒரு துளையில் மணி பிளான்ட் செருகியிருக்கிறேன்.

வார்னிஷ் அடிக்காதீர்கள் என்பேன். அந்தச் சாம்பல் நிறம் போய்விட்டால் அப்புறம் ஹார்ட்வேர் கடைக் கட்டை மாதிரிதான் இருக்கும்.

#18 ஓடு சேகரிப்பவர்

இன்னொரு விஷயம், காற்றுமணி கட்ட நினைப்பவர்களுக்கு. சில மட்டி ஓட்டில், மேல்முனைக்குப் பக்கத்தில், துரப்பணம் போட்ட மாதிரி கச்சிதமாக ஒரு துளை இருக்கும், வெளிப்பக்கம் அகலம், உள்ளே போகப்போகக் குறுகல். நிலவு நத்தை என்றொரு கடல் நத்தை போட்ட துளை அது. ஓட்டைத் துளைத்து உள்ளே இருக்கிற மட்டியைத் தின்றுவிடும். அந்த ஓடுகளை மட்டும் சேர்த்தால் நூல் கோர்க்க நீங்கள் துளையே போடவேண்டாம். அப்படி ஒரு மணி கட்ட எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதுதான் என் வீட்டில் நான் ரொம்பப் பிரியப்படுகிற பொருள்.

கெராங் ஓட்டில் நீங்களே துளை போடுவதானால் ஓட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, கையால் சுற்றுகிற சிறு துரப்பணத்தால் போடுங்கள். காய்ந்த ஓட்டின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் கட்டாயம். மின்சாரத் துரப்பணத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

#19 பாயான்பாரு அம்மா

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

தண்ணீரில் ஊறவைத்ததில் முக்கால்வாசி தேறிவிட்டது. ஒற்றை மூடிகளும் கண்ணாடித் துண்டுகளும் இரண்டு ஜாடியில் இருக்கின்றன. கண்ணாடித் துண்டு என்றால் பாட்டில் உடைந்து, அலையில் பல வருஷம் உருண்டு, பனி படிந்த மாதிரி ஆகியிருக்குமே, அதுதான். பச்சை, பழுப்பு, ஒன்றே ஒன்று நீலம். ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். காலை வெயில் பட்டால் சுவரில் நிறம் விழுகிறது.

முழுச் சங்குகளை மகளிடம் காட்டி, உமாங்-உமாங் கதையைச் சொன்னேன். வரிசையில் நின்று வீடு மாறுகிற இடத்தை மூன்று முறை சொல்ல வைத்தாள். பிறகு அவளே ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டாள். வினிகரில் தேய்ந்துபோன முதல் சிப்பியை மட்டும் தனியாக எடுத்துவைத்தாள், அது அவள் மேசையில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தோம், நாற்பத்து மூன்று சங்கு. போன ஞாயிறு, தண்ணீர் இறங்குகிற நேரம் பார்த்துப் போய், பாறைக்குப் பக்கத்தில் பரப்பிவிட்டு வந்தோம். அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். நண்டு எதுவும் வரவில்லை. அடுத்த வாரம் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அழைத்து வந்தேன்.

மாமனாரிடம் கேட்டேன். கட்டையை மாட்டலாம் என்றார், ஆனால் ஹாலில் வேண்டாம், பால்கனியில் என்றார். அப்படியே செய்தோம்.

முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ஓடு ஒட்டிய சட்டம் செய்ய ஆசை, அதற்குத்தான் ஓடு பற்றவில்லை. ஜூரு அண்ணே, சனிக்கிழமை ராத்திரி வந்தால் கெராங் ஓடு ஒரு வாளி கிடைக்குமா? லாலா ஓடும் கொஞ்சம் இருந்தால் நல்லது, அந்த அலைக்கோடு விளிம்புக்கு நன்றாக இருக்கும்.

#20 ஜூரு கடைக்காரர்

வாங்க, வாளி கொண்டு வராதீர்கள், அரிசிச் சாக்கு கொண்டு வாங்க. பத்தரைக்கு மேல் பின்பக்கக் கதவு. லாலாவைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். மகளையும் அழைத்து வாங்க, என் மனைவி ஓட்டு விளக்கு ஊற்றக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறாள்.